டயர் அழுத திருப்பம்

அத்தியாயம் 7

டயருக்குக் காற்று அடித்தேன். அன்றைக்கு நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொலை செய்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தவனைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"எத்தனை டயருக்கு அடிச்ச?"

"நாலுக்கும்தான். ஸ்டீயரிங் கனமா இருந்துச்சு, பக்கத்துலேயே பெட்ரோல் பங்க். சரி, போற போக்குல ஒரு நல்லது பண்ணுவோம்னு..."

"அடிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"கவனிக்கலக்கா. மிஷின்ல ஏதோ ஒரு நம்பர் காட்டுச்சு. எங்கேயோ பார்த்த நம்பர் மாதிரி இருந்துச்சு. மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஒரு தட்டு தட்டினேன்."

"ஸ்டெப்னி, அந்த மனுஷன் எங்க கிடக்கிறார்னு சொல்றதுக்கு நம்மகிட்ட இருந்த ஒரே சாட்சி இந்த வண்டி. நீ அதோட வாயை அடைச்சு கூட்டிட்டு வந்திருக்க."

ஸ்டெப்னி என்பது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எப்போதும் பின்னால் தொங்கிக்கொண்டு, வண்டி படுத்தால் மட்டும் உதவுகிறவன் என்று அக்கா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கா எனக்கு உடன்பிறந்தவர் அல்ல. பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்த சர்வேயர். வண்டி பொய் சொல்லாது, அதை ஓட்டியவன்தான் சொல்வான் என்பது அவர் கட்சி. வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் கட்சி மாறவில்லை.

காணாமல் போனவரைத் தொழிலில் எல்லோரும் டெஸ்டர் என்பார்கள். புது வண்டி சந்தைக்கு வருவதற்கு முன்னால் அதைத் தார் ரோட்டிலும் காட்டிலும் ஓட்டிப் பார்த்துப் பத்திரிகையில் எழுதுகிறவர். நேற்றுக் காலை இந்த முரட்டு வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். வண்டி மதியமே திரும்பி வந்து நிற்கிறது. அவர் வரவில்லை. நேற்றுப் பதினொரு மணியிலிருந்து அவர் போன் அணைந்து கிடக்கிறது. போலீசில், "பெரிய ஆள்தானே, ஒரு நாள் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில், எங்கேயோ விழுந்து கிடக்கிற ஒருவருக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சொல்ல வேண்டியவர் எங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். டெஸ்டரின் மனைவி. ராத்திரி முழுக்கத் தூங்காத கண். கையில் கணவரின் பழைய நோட்டு ஒன்று. அவர் கிறுக்கி வருவதையெல்லாம் டைப் அடித்துக் கொடுப்பது அண்ணிதான். நான் அவரைக் காலையில் பார்த்த உடனே அண்ணி என்று கூப்பிட்டுவிட்டேன், அவரும் தம்பி என்றார், உறவு முடிந்தது.

"நேத்து பன்னிரண்டரைக்கு அவரே கொண்டுவந்து விட்டார் மேடம்" என்றார் ஷோரூம் மேனேஜர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போன்ற ஷூ. "வாட்ச்மேன் சாப்பிடப் போன நேரம். சாவியை என் கையில கொடுத்துட்டு, பஸ்ல போய்க்கிறேன்னு நடந்துட்டார். நான்தான் இவங்களுக்குக் காலையில உட்கார வச்சு தண்ணி கொடுத்து ஆறுதல் சொன்னேன்."

அண்ணி நன்றியோடு தலையாட்டினார்.

அக்கா ஷோரூம் முற்றத்தின் வழவழப்பான சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து வண்டி திரும்பி நின்ற இடம் வரைக்கும், வளைவில் மட்டும், கறுப்புக் கறுப்பாய் விட்டு விட்டு ஒரு தேய்ப்பு. யாரோ கரிக்கட்டியால் தையல் போட்டது போல.

பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லிவர். அதைத் தொடாமல் விரலால் காட்டினார்.

"இதை நீ தொட்டியா?"

"சத்தியமா இல்லை. அது எதுக்குன்னே எனக்குத் தெரியாது."

"இது ஃபோர் வீல்ல நிக்குது. முன் சக்கரம், பின் சக்கரம் ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப் போடுற லிவர். மண்ணுல, கல்லுல அதுதான் உயிர். தார் ரோட்டுல போட்டா என்ன ஆகும்? ரெண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி. நேராப் போனா தெரியாது. திரும்பும்போது ஒண்ணை ஒண்ணு இழுக்கும். மண்ணுன்னா சறுக்கி விட்டுக்கொடுக்கும். தார் விட்டுக்கொடுக்காது. டயர் கத்தும், தேயும்."

அண்ணி நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். நடுவில் கோடு போட்டு இடப்புறம் 'தார்', வலப்புறம் 'தரை'. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி, அச்சடித்தது போல: 'தார் ஏறுமுன்: லிவர் பின்னால், காற்று 33.'

"இதை அவர் மறந்து நான் பார்த்ததே இல்லை" என்றார் அண்ணி. "கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தை மறந்துட்டு வந்தார். இதை மறக்க மாட்டார்."

அக்கா என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "வண்டியை அவர் கொண்டுவரல. லிவரைப் பத்தித் தெரியாத எவனோ கொண்டுவந்திருக்கான்."

அப்படியானால் அவர் போன இடத்திலேயே இருக்கிறார். இருபத்தாறு மணி நேரமாக.

புறப்பட்டோம். மேனேஜரும் தொற்றிக்கொண்டார். புது வண்டி, தான் இல்லாமல் வெளியே போகக் கூடாதாம், கம்பெனி விதியாம். அக்கா ஓட்ட, அண்ணி முன்னால், நானும் மேனேஜரும் பின்னால். லிவரை அக்கா பின்னால் டூ வீலுக்கு இழுத்தபோது அது 'டக்' என்று விழுந்த சத்தத்துக்கு மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்தப் பக்கம் மேடம் போறோம்?"

"வண்டி அழுத பக்கம்."

அக்காவின் கணக்கு எளிது. ஷோரூம் ரிஜிஸ்டரின்படி வண்டி தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாதி நாற்பத்தேழு. லிவரைப் போட்டபடியே அவன் அத்தனை தூரமும் தாரில் வந்திருக்கிறான். நெருக்கமாகத் திரும்பிய இடமெல்லாம் டயர் தேய்ந்திருக்கும். எந்தெந்தத் திருப்பத்தில் கறுப்புத் தையல் இருக்கிறதோ, அதெல்லாம் அவன் வந்த வழி.

"கல்யாண வீட்டுக்கு அம்புக்குறி போட்டு வழி காட்டுவாங்க. நம்மாளு அம்பு போட்டதே தெரியாம போட்டுட்டுப் போயிருக்கான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

முதல் தையல் மேம்பாலத்துக்கு அடியில் கிடைத்தது. இரண்டாவது ரயில்வே கேட்டைத் தாண்டிய மூலையில். அங்கே ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு போனது. அணையில் மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியது.

"நான் குளிச்சே ரெண்டு நாளாச்சு, எங்கிட்ட போய்ச் சொல்றான்" என்றேன்.

"தெரியுது. கண்ணாடியை இறக்கு" என்றார் அக்கா.

மூன்றாவது தையல் கிடைக்கவே இல்லை. நான்கு ரோடு சந்திக்கிற ஓர் இடம். ஒவ்வொரு ரோட்டிலும் இறங்கி, குனிந்து, தார்ச் சூடு மூஞ்சியில் அடிக்க, தேடிப் பார்த்தோம். ஒன்றுமில்லை, இருந்ததையும் லாரிகள் தேய்த்து அழித்திருக்க வேண்டும். இருபது நிமிடம் போயிற்று. அண்ணி நான்கு ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் பார்க்க முடியாமல் நான் மூலையில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனேன்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"நேத்து மத்தியானம் ஒரு பெரிய வண்டி. பார்த்தேன்னு சொல்றதைவிடக் கேட்டேன்னு சொல்லணும். அந்த மேட்டு ரோட்டுல இருந்து வந்து இங்க திரும்புச்சு. நாலு சக்கரமும் அழுதுச்சு. ஃபோர் வீலைப் போட்டுக்கிட்டுத் தார்ல ஓட்டுறானே, எந்த மடையன் இவன்னு நினைச்சேன். அது போதாதுன்னு டயர்ல காத்தும் இல்ல, தளதளன்னு போகுது. கூப்பிட்டுச் சொல்லலாம்னு எந்திரிச்சேன். நிக்கல."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"கண்ணாடி பூரா கறுப்பு. காட்டுக்குன்னே செஞ்ச வண்டி, அதைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதவன் கையில. அதுதான் எனக்கு வருத்தம்."

நான் ஓடிவந்து சொன்னேன். மேனேஜர் மட்டும் அவ்வளவு நேரமும் வண்டியை விட்டு இறங்கவில்லை. போனில் யாருடனோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

மேட்டு ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. தாரில் இந்த வண்டி எப்படிப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நேராகப் போகும்போது காற்று காதுக்குள் இரைந்தது. திருப்பத்தில் உடம்பு முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தால், யோசித்துச் சொல்கிறேன் என்பது போல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அண்ணி ஏதோ பேச வேண்டும் என்பதற்காகவே நோட்டிலிருந்து படித்தார். இதே வண்டியின் போன வருஷத்து மாடலைப் பற்றி டெஸ்டர் எழுதியது.

"தார்: பேச்சு கேட்காது. வளைவில் கோபித்துக்கொள்ளும். அவசரக்காரர்கள் வாங்க வேண்டாம். தரை: கேட்காமலே செய்யும். கல்லும் மணலும் இதன் தாய்வீடு." நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"பழைய மெக்கானிக் ஒருத்தன் இருந்தான் மேடம்" என்று மேனேஜர் ஆரம்பித்தார். "வேலை சரியில்லன்னு டெஸ்டர் சொல்லித்தான் போன மாசம் நிறுத்தினோம். அன்னிக்கே அவர்கிட்ட, பார்த்துக்கிறேன்னு கத்திட்டுப் போனான். நீங்க அவனைப் பிடிச்சா எல்லாம் வந்துடும். இப்படி ரோடு ரோடா அலையிறதைவிட..."

எனக்கு அது சரியென்றே பட்டது. மெக்கானிக்கின் வீடு எங்கே என்று கேட்கக்கூட வாயெடுத்தேன். கண்ணாடியில் அக்காவின் கண் என்னைப் பார்த்து 'சும்மா இரு' என்றது.

மூன்று கொண்டை ஊசி வளைவு. மூன்றிலும் கறுப்புத் தையல். மலையைத் தாண்டி இறங்கியதும் தார் முடிந்தது. மீட்டரில் நாற்பத்தைந்து. மணி மூன்று ஐம்பது.

முடிந்த இடத்தில் இரண்டு மண் பாதை. இடப்பக்கம் மேலே ஏறுவது கல் குவாரிக்கு. வலப்பக்கம் முள்ளுக்குள் இறங்குவது எங்கே போகிறது என்று போர்டு இல்லை. குவாரி லாரிகளும் டிராக்டர்களும் இரண்டையும் உழுது வைத்திருந்தன. மண்ணில் டயர் அழாது. தையலும் இல்லை.

"குவாரியாத்தான் இருக்கும்" என்றார் மேனேஜர். "பாறை மேல ஏத்திப் பார்க்கிறதுன்னா டெஸ்டருக்கு உசுரு. பெரிய இடம் மேடம், இப்பவே ஆரம்பிச்சாதான் பொழுது சாயறதுக்குள்ள தேட முடியும்."

அக்கா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். தப்பான பாதையில் போனால் இன்றைய வெளிச்சம் போய்விடும். இன்னொரு ராத்திரியை அந்த மனிதர் தாங்குவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"ஸ்டெப்னி, அந்த நம்பர்."

"தெரியலக்கா."

"எங்கேயோ பார்த்த நம்பர்னு சொன்னியே. எங்க பார்த்த?"

"அதுதான் தெரியல."

அண்ணி திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவர் கல்லுல ஏத்துறதுக்கு ஒரு அளவு காத்து வைப்பார், மணல்ல இறக்குறதுக்கு வேற அளவு. காத்தைக் குறைச்சாத்தான் டயர் அகலமா உட்கார்ந்து புதையாமப் போகும்னு சொல்வார். அந்த நம்பர் தெரிஞ்சா போதும், எங்க போனார்னு நான் சொல்லிடுவேன். யோசிங்க தம்பி."

வண்டியை விட்டு இறங்கினேன். வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் எத்தனையோ உருப்படாத விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேண்டியது மட்டும் வரவில்லை. காற்று மிஷின், சிவப்பு எழுத்து, பார்த்ததும் வயிற்றில் ஒரு புளிப்பு. ஏன் வயிற்றில்? எப்போதாவது ஒரு நம்பரைப் பார்த்து வயிறு கலங்கியிருக்கிறதா? சிவப்பில் எழுதி, வட்டம் போட்டு...

"பதினஞ்சு" என்றேன். "எட்டாங்கிளாஸ் அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. என் மார்க். அப்பா பெல்ட்டைக் கழட்டின மார்க்."

"பதினஞ்சுதானா? நல்லா தெரியுமா?"

"முதுகுல தழும்பு இருக்கு அண்ணி."

"கல்லுக்கு இருபத்திரண்டு" என்றார் அண்ணி. "மணலுக்குத்தான் பதினஞ்சு. அவர் குவாரிக்குப் போகல. மணலுக்குப் போயிருக்கார்."

மணல் என்றால் ஆறு. ஆறு என்றதும் ரயில்வே கேட்டில் கத்திய ஆட்டோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. குளிப்பதைப் பற்றி நான் அடித்த ஜோக்கை நினைத்து என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா வண்டியை வலப்பக்கம் முள்ளுக்குள் விட்டார்.

ஒன்றரைக் கிலோமீட்டர். முள் விலகியதும் எதிரே வறண்ட ஆறு. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். ஆள் உயரப் பாறைகள் இங்கும் அங்கும் நூறோ இருநூறோ. அண்ணி கீழே இறங்கி அவரைக் கூப்பிட்டுக் கத்தினார். ஆற்றின் அந்தக் கரை அதையே திருப்பிக் கொடுத்தது. வேறு பதில் இல்லை. மணி நான்கு ஐந்து.

"எங்கேன்னு போய்த் தேடுறது?" என்றேன்.

அக்கா இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார். "மேனேஜர் சார், மணல்ல இறங்கணும். இந்த லிவரைக் கொஞ்சம் ஃபோர் வீலுக்குப் போட்டுக் கொடுங்களேன். தினமும் நாலு பேருக்கு விளக்கிச் சொல்ற ஆள் நீங்க."

"அது... ஆட்டோமேட்டிக் மேடம். தேவைப்படும்போது அதுவே மாறிக்கும்."

"அதுவா மாறாது. எப்பவும் கையாலதான் மாத்தணும். உங்க ஷோரூம் சுவத்துல ஆறடிக்கு எழுதிப் போட்டிருக்கு."

மேனேஜர் லிவரைப் பார்த்தார். ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"மெக்கானிக் தூக்கத்துல ஓட்டினாலும் தார் ஏறுறதுக்கு முன்னாடி லிவரை எடுத்திருப்பான்" என்றார் அக்கா. "பஞ்சர் கடைக்காரருக்குச் சத்தத்துலேயே தெரியுது. வண்டியைத் தொட்டு வேலை பார்க்கிற ஒருத்தரும் இதைச் செய்ய மாட்டாங்க. விக்கிறவர்தான் செய்வார். ஷோரூம் தரையைப் பார்த்தப்பவே சந்தேகம் வந்துடுச்சு. அதனாலதான் உங்களைக் கூட வரவிட்டேன். நீங்க என்ன பண்ணினீங்கன்னு எனக்கு இப்ப வேண்டாம், அதைப் போலீஸ்ல சொல்லுங்க. எந்தப் பாறைன்னு மட்டும் சொல்லுங்க. ஐம்பது நிமிஷத்துல அணையைத் திறந்துடுவாங்க."

மேனேஜரின் முகம் உடைந்துபோயிற்று. "விளம்பரத்துக்கு ஒரு போட்டோ வேணும்னு நானும் அவரோட வந்தேன் மேடம். நான் ஓட்டுற மாதிரி. அவர் முன்னால நின்னு மெதுவா வாங்கன்னு கை காட்டினார். வண்டி திடீர்னு ஒரு எகிறு எகிறுச்சு. அவர் கால் பாறைக்கும் பம்பருக்கும் நடுவுல... கத்தினார். அப்புறம் சத்தமே இல்ல. செத்துட்டார்னு நினைச்சேன். நாளைக்கு வண்டி அறிமுக விழா. என்ன பண்றதுன்னு தெரியல. அவர் போனை அணைச்சுட்டு வந்துட்டேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். இஸ்திரி மடிப்பு அப்போதுதான் முதல் தடவை கலைந்தது. அண்ணி என் கையை விலக்கினார். அழவில்லை, திட்டவில்லை.

"காலையில எனக்குத் தண்ணி கொடுத்தீங்களே" என்றார். "அவருக்கு யார் கொடுத்தாங்க?"

மேனேஜர் கையைத் தூக்கிக் காட்டினார். ஆற்றின் நடுவில், இரட்டைப் பாறை. முக்கால் கிலோமீட்டர் இருக்கும்.

அக்கா லிவரை ஃபோர் வீலுக்குத் தள்ளி வண்டியை இறக்கினார். பத்தடி போயிருக்காது. நான்கு சக்கரமும் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்தன. முப்பத்து மூன்று காற்று. நான் அடித்த காற்று.

"காத்தைக் குறைக்கணும். பதினஞ்சுக்கு" என்றார் அக்கா. "அளக்கிற கருவி இல்ல."

"எண்ணிக்கை இருக்கு" என்றார் அண்ணி. "நிறைய தடவை அவர் கூட உட்கார்ந்திருக்கேன். நூத்தி இருபது எண்ணுவார். ஆளுக்கு ஒரு டயர், சீக்கிரம்."

நான்கு டயர், நான்கு பேர். அக்கா, அண்ணி, நான். நான்காவது டயருக்கு மேனேஜரைத் தவிர ஆள் இல்லை. அவரும் மண்டியிட்டார். வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டோம், காற்று சீறியது. அண்ணி உரக்க எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு எண்ணைக்கூட அவசரப்பட்டு விழுங்கவில்லை. கணவர் உயிர் அந்த மணலில் கிடக்கும்போது, நூற்று இருபதையும் ஒழுங்காக எண்ணினார். எண்பதில் தூரத்தில் அணையின் முதல் சங்கு ஊதியது. அண்ணிக்கு எண் தவறவில்லை.

நூற்று இருபது.

அக்கா ஏறி வண்டியைக் கிளப்பினார். இந்தத் தடவை வண்டி தோண்டவில்லை. கொஞ்சம் தடுமாறி, எழுந்து, மணல் மேல் மிதக்க ஆரம்பித்தது. மலை ரோட்டில் கோபித்துக்கொண்டு வந்த அதே வண்டிதானா என்று இருந்தது. பள்ளத்தில் இறங்கியது, பாறை விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்தது, நாங்கள் கேட்பதற்கு முன்னால் எல்லாம் செய்தது.

இரட்டைப் பாறையின் நிழலில் அவர் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணலாகத் திரும்பியிருந்தது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. நிழல் நகர நகர அவரும் நகர்ந்திருக்கிறார் என்பது மணலில் தெரிந்தது. அண்ணி தலையை மடியில் தூக்கி வைத்துத் துணியை நனைத்து உதட்டில் பிழிந்தார். தொண்டை அசைந்தது.

அக்கா அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "தூக்கு ஸ்டெப்னி. மேனேஜர், காலைப் பிடிங்க. ஆடக் கூடாது."

தூக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு நோட்டு விழுந்தது. நான் எடுத்துக்கொண்டேன். ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து, காய்ந்த இலைகளை யாரோ பெருக்குவது போல ஒரு சத்தம். அணையை ஐந்துக்குத்தான் திறப்பதாகச் சொன்னார்கள். நான்கே முக்காலுக்கே மணலில் ஒரு நுரைக்கோடு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது.

பின் சீட்டில் அண்ணியின் மடியில் தலை, மேனேஜரின் மடியில் உடைந்த கால். நான் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் சுருண்டேன். ஸ்டெப்னிக்கு உரிய இடம்தான். அக்கா திருப்பிய நேரம் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டது. பாதி வழியில் கதவின் அடியைத் தொட்டது. மணல் இளகி வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அக்கா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கரையின் ஏற்றத்தில் முன் சக்கரம் ஒரு கணம் சும்மா சுற்றியது. பின் சக்கரம் தள்ளியது. ஏறிவிட்டோம்.

திரும்பிப் பார்த்தேன். இரட்டைப் பாறையில் ஒன்றுதான் தெரிந்தது.

கையிலிருந்த நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கம், நடுவில் கோடு. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் கட்டம் தாண்டவில்லை. 'தரை: வண்டியில் குறை இல்லை. குறை ஓட்டியவரிடம். முன் பம்பர் உறுதியானது, என் கால் சாட்சி.' நான் அதைச் சத்தமாகப் படித்தேன். மேனேஜர் குலுங்கி அழுதார். அழுதபோதும் காலை ஆடவிடாமல் பிடித்திருந்தார், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

டெஸ்டர் கண்ணைத் திறந்தார். அண்ணியைப் பார்த்தார். உதடு அசைந்தது. அண்ணி காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"காத்து எவ்வளவுன்னு கேக்குறார்."

"பதினஞ்சு அண்ணே" என்றேன் பின்னாலிருந்து. "நான் பாஸ்."

அவருக்குப் புரிந்திருக்காது. மறுபடி உதடு அசைந்தது. இந்தத் தடவை எனக்கே கேட்டது. "தார் வருது. லிவர்."

மண் பாதை முடிகிற இடத்தில் அக்கா நிறுத்தினார். முப்பத்து மூன்று காற்றுக்கு அங்கே வழியில்லை, ஆஸ்பத்திரி வரை மெதுவாகத்தான் போக வேண்டும். லிவரை மட்டும் பின்னால் இழுத்தார். 'டக்.' டெஸ்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தாரில் ஏறினோம். முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி சாய்ந்து திரும்பியது. டயர் அழவில்லை.

நேற்றிலிருந்து ஒரு சொட்டு விடாத அண்ணிதான், அந்தத் திருப்பத்தில், வாய்விட்டு அழுதார்.